மாடிப்படிக்குக் கீழே நிற்கும் பழைய சைக்கிள்: ஓட்டுவதா, புதுப்பிப்பதா, கொடுத்துவிடுவதா?

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். வெள்ளவத்தையில் ஒரு அக்கா: மாமனாருடைய ரலி சைக்கிள் ஃபிளாட்டின் மாடிப்படிக்குக் கீழே பதினைந்து வருசமாக நிற்கிறது, மாத முடிவுக்குள் எடுக்கச் சொல்லி நிர்வாகக் குழு நோட்டீஸ் ஒட்டிவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஒரு அண்ணன்: மகனுக்குக் கோட்டையில் வேலை கிடைத்திருக்கிறது, தன் தகப்பனாரின் பழைய சைக்கிளைத் திருத்திக் கொடுப்பதா, புதிது எடுப்பதா? தெகிவளையில் ஒரு தம்பி: 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் வாங்கிய கியர் சைக்கிள், வரிசை முடிந்த நாளிலிருந்து பல்கனியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறது.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் மூவரும் ஒரே இடத்தில்தான் தடுக்குப்படுகிறார்கள். துருவைப் பார்த்துச் சைக்கிளை எடை போடுகிறார்கள்.

என்னிடம் இரண்டு பழசுகள் இருக்கின்றன. ஒன்று அப்பாவின் ரலி. போரில் மூடிக் கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்தபிறகு யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில், அலுமாரிக்கும் உரலுக்கும் நடுவில் படுத்தபடி கொழும்புக்கு வந்தது. மற்றது மாமாவின் ஹம்பர். ரலியை அப்படியே ஓடவிட்டேன். ஹம்பரைக் கடைசி ஆணி வரை கழற்றிப் புதுப்பித்தேன். கீழே எழுதுவதில் பாதி அந்த இரண்டும் எனக்குக் கற்பித்தது.

விலைகளை எழுதவில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த ஊரில் எழுதிய விலை மை காயுமுன் பழசாகிவிடுகிறது. எது எதைவிடக் கூட, எங்கே காசு ஒளிந்து நிற்கிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எங்கே ஓடப் போகிறது. கொழும்பு மட்டமான ஊர். வெள்ளவத்தையிலிருந்து மெரின் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டி வரை கியர் என்ற ஒன்று தேவைப்படவே படாது. (கண்டியில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பாதிதான் பொருந்தும்.) ஒரு நாளைக்குப் போகவர ஐந்தாறு கிலோமீற்றர் என்றால் பழைய கனத்த சைக்கிளே போதும். பதினைந்து, இருபது என்றால் யோசிக்க வேண்டும்.

மழையில் ஓடுமா. மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது இதுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை, அதுவும் சரியாகக் கந்தோர் விடுகிற நேரத்துக்கு வரும். பழைய சைக்கிளின் குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பது பாதியாகக்கூட இராது. அலுமினிய ரிம்மில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

எங்கே நிற்கும். கடலுக்கு எத்தனை ஒழுங்கை தள்ளி என்று எண்ணிப் பாருங்கள். மெரின் டிரைவுக்கு முகம் பார்த்த பல்கனியில் ஒரு வருசம் நிற்பதும், கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தையில் ஐந்து வருசம் நிற்பதும் ஒன்றல்ல. லிஃப்ட் இல்லாத மாடி என்றால் எடையும் கணக்கில் வரும். பழைய பெரிய சைக்கிள் 18 முதல் 20 கிலோ. தினமும் மூன்று மாடி தூக்குகிற சாமான் அல்ல.

யாருடைய கால். பழசுகள் பெரும்பாலும் 22 அல்லது 24 அங்குலச் சட்டம், மேலே குறுக்குப் பார். சின்ன வயதில் பாருக்குக் கீழால் காலை விட்டு ஓட்டியது அழகான நினைவுதான். காலி வீதியில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் கால் நிலத்தில் எட்டாமல் நிற்பது வேறு கதை.

எதற்காக வைத்திருக்கிறீர்கள். போக்குவரத்துக்கா, நினைவுக்கா? இரண்டுக்கும் என்றால் எது கூட என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். செலவு எங்கே போய் நிற்கும் என்பது அதில் தங்கியிருக்கிறது.

## முடிவுக்கு முதல் அரை மணித்தியாலம்

அப்பாவின் ரலியை முதன்முதலில் டாம் வீதியில் ஒரு கடைக்கு உருட்டிக்கொண்டு போனபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மட்கார்டில் ஓட்டை, செயின் செங்கல் நிறம், ஹான்டிலில் குரோம் செதில் செதிலாக எழும்பி நின்றது. கடை நானா அது ஒன்றையும் பார்க்கவில்லை. பின்சில்லைத் தூக்கிப் பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெடல் அச்சுக் கூட்டில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்ததுபோல இருந்தது.

"இது ஊத்தை தம்பி. ஊத்தை வேற, நோய் வேற."

அதற்குப் பிறகு நானும் அப்படித்தான் பார்க்கிறேன். நோய் இருக்கிறதா என்று பார்க்க நாலு இடம் போதும்.

முதலாவது சட்டம். தண்ணீர் உள்ளால் இறங்கி நிற்பது பெடல் அச்சுக் கூட்டின் அடியில். சைக்கிளைத் தலைகீழாக வைத்து, அங்கேயும் குழாய்கள் சேரும் மூட்டுகளிலும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் இரும்பு இருக்கிறது. மந்தமாக, பொத்தென்று கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. முன்சில்லைப் பிடித்திருக்கும் முன்கவையின் தலைப்பகுதியை நன்றாகத் துடைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்திலோ கவையிலோ வெடிப்பு என்றால் கட்டுரையை இத்துடன் நிறுத்திக் கடைசித் தெரிவுக்குப் போங்கள். ஒட்டிப் பார்ப்போம் என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, சீற் கம்பியும் ஹான்டில் தண்டும் அசைகின்றனவா? பதினைந்து வருசம் அசையாமல் நின்றால் இறுகிப் போயிருக்கும். துரு நெகிழ்த்தும் எண்ணெயை விட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்தால் பெரும்பாலும் இளகும். பொறுக்காமல் பெரிய குறட்டைப் போட்டுத் திருகினால் சட்டம் முறுகும்.

மூன்றாவது, சில்லுக் கம்பிகள். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டுங்கள். கம்பி ரிம்மில் பூட்டும் முலைத் திருகு துருவேறி இறுகியிருந்தால் நெளிவு எடுக்கப் போகும்போது திருகு திரும்பாது, கம்பி முறியும். ஒன்றிரண்டு முறிந்தால் மாற்றலாம். ஏழெட்டு என்றால் சில்லையே திரும்பக் கட்ட வேண்டியதுதான்.

நாலாவது செயின். புதுச் செயினில் ஒரு ஆணிக்கும் அடுத்ததற்கும் இடையில் சரியாக அரை அங்குலம். ஆகவே 24 கண்ணி 12 அங்குலம். அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, பல்லுச் சக்கரத்தையும் தின்னத் தொடங்கியிருக்கும். துருப்பிடித்தாலும் நீளாத செயின் மண்ணெண்ணெயில் ஓர் இரவு கிடந்தால் பிழைத்துவிடும்.

இந்த நாலும் தப்பினால் மிச்சமெல்லாம் ஊத்தைதான்.

## தெரிவு 1: துடைத்து, எண்ணெய் விட்டு, அப்படியே ஓட்டுவது

என் வாக்கு பெரும்பாலும் இதற்குத்தான்.

இந்தச் சைக்கிள்கள் ஏன் சாகாமல் நிற்கின்றன என்பதற்கு மாயம் ஒன்றும் இல்லை. தடித்த இரும்புக் குழாய்கள், மூட்டுக்கு மூட்டு பித்தளை உருக்கி ஒட்டியவை. அச்சுகளில் கோப்பையும் கூம்பும், நடுவில் உதிரிக் குண்டுகள். கிறீஸ் காய்ந்துபோனாலும் குண்டு குண்டாகவே இருக்கும். தேய்ந்தால் கூம்பைக் கால் சுற்று இறுக்கினால் ஆட்டம் நிற்கும். ஒரே ஒரு பல்லுச் சக்கரம், அகலமான செயின். பிரேக்குக்குக் கேபிள் இல்லை, கம்பி. கம்பி துருப்பிடித்தாலும் இழுக்கும். கேபிள் துருப்பிடித்தால் உறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிடும்.

தொண்ணூறுகளில், போர்க்காலத் தடையால் பெற்றோலும் பற்றரியும் போகாத யாழ்ப்பாணத்தில் இந்தச் சைக்கிள்கள் சுமந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விறகு, நெல்லு மூட்டை, நோயாளி, சில வேளை ஒரு முழுக் குடும்பம். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, பெடலைச் சுற்றிச் செய்தி கேட்டோம். டைனமோ 6 வோல்ட், நாலு பற்றரி போடும் ரேடியோவும் 6 வோல்ட். சுற்றுவது என் வேலை. நான் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும், அப்பா அறைக்குள்ளிருந்து "டேய்" என்பார். அந்த டைனமோ இன்றும் ரலியின் முன்கவையில் இருக்கிறது, இன்றும் எரிகிறது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. இரண்டு ரயர், இரண்டு ரியூப், நாலு பிரேக் கட்டை. அச்சுகளைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவிப் புதுக் கிறீஸ். செயினுக்கு மெஷின் எண்ணெய். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசின்போல ஆகி மண்ணைப் பிடிக்கும். துரு நெகிழ்த்தும் ஸ்பிறேயை அச்சுக்குள் அடிக்கவும் வேண்டாம், உள்ளே இருக்கும் கொஞ்சக் கிறீஸையும் அது கழுவிவிடும். குரோமில் மேலோட்டமான துருவைச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தால் பாதி போய்விடும். மிச்சப் பாதி இருக்கட்டும்.

ரயர் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. பழைய பெரிய சைக்கிளுக்கு 28 × 1½. ரயரின் ஓரத்தில் 635 என்ற இலக்கம் இருக்க வேண்டும். இன்றைய கியர் சைக்கிள் ரயர் சிலவற்றிலும் 28 என்று போட்டிருக்கும், ஆனால் அது 622. இரண்டும் 28 என்றாலும் ஒன்று மற்றதில் ஏறாது. 635 கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். இந்தியாவில் அந்த அளவுச் சைக்கிள் இன்றும் செய்கிறார்கள், அதனால் ரயரும் வருகிறது.

மறைந்த செலவு என்று பார்த்தால் நேரமும் கொட்டர் பின்னும். பெடல் கையை அச்சோடு பூட்டும் அந்தச் சின்ன ஆப்புத்தான் பழைய சைக்கிளின் மூலவியாதி. சும்மா சுத்தியலால் அடித்தால் தலை காளான்போல விரிந்து உள்ளேயே நின்றுவிடும். கீழே ஒரு இரும்புக் குழாயை முண்டுகொடுத்துவிட்டு அடிக்க வேண்டும். புதுப் பின்னை அப்படியே செருகவும் முடியாது, அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். ராவத் தெரியாத கடையில் கொடுத்தால் ஒரு கிழமைக்குள் பெடல் கை டொக் டொக் என்று ஆடும்.

இந்தத் தெரிவின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் சின்னக் குறை அல்ல: மழை. புதுக் கட்டை போட்டாலும் நனைந்த இரும்பு ரிம்மில் உடனே பிடிக்காது. தூரத்திலேயே மெதுவாக அமத்தி, ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் நிற்பாட்ட வேண்டும். நான் மழை இருட்டினால் ரலியை எடுப்பதில்லை.

குறை என்று நினைக்கிற இன்னொன்று உண்மையில் வரம். அசிங்கமான சைக்கிளைக் களவெடுக்க ஆளில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்கு வெளியே அப்பாவின் ரலி சாவியோடு நின்ற நாட்கள் உண்டு. பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர்தான் இதுவரை விலை கேட்டிருக்கிறார்.

## தெரிவு 2: கடைசி ஆணி வரை கழற்றிப் புதுப்பிப்பது

மாமாவின் ஹம்பருக்கு இரட்டைக் குழாய் முன்கவை. ஒரு பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய் இறங்கும், தூரத்திலிருந்தே ஹம்பர் என்று தெரியும். அந்த அழகுக்காகவே முழுசாகச் செய்தேன். பெயின்ற் உரித்து, சட்டத்துக்கு அடுப்பில் சுடும் தூள் பூச்சு, ஹான்டிலுக்கும் ரிம்முக்கும் புதுக் குரோம், சில்லுகளுக்குப் புதுக் கம்பி.

செலவைத் தெரிவு 1இன் பல மடங்கு என்று மட்டும் சொல்கிறேன். அதைவிட, ஒன்றைத் தொட்டால் மூன்று வரும். பெயின்ற் புதிது என்றால் பழைய மட்கார்ட் கண்ணைக் குத்தும். மட்கார்ட் மாற்றினால் செயின் கவர் கேட்கும். குரோம் பூசக் கொடுத்தால் நன்றாக இருந்த ரிம்மையும் மினுக்கி மினுக்கி மெலிய வைத்துத் தருவார்கள்.

பூச்சு உள்மரைக்குள்ளும் போய்விட்டது. பெடல் அச்சுக் கோப்பையைத் திருகினால் ஏறவில்லை, மரையைச் சுரண்டி எடுக்க ஒரு நாள். தேய்ந்த கோப்பைக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய புதுக் கோப்பையும் ஏறவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. ரலி தன் சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது, மற்றவர்களுடையது 24. ஹம்பர் சைக்கிளை 1932இல் ரலி எடுத்துக்கொண்டதால் இதற்கும் 26. ரட்ஜ் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், அதை 1943இல் ரலி எடுத்தது. பழைய கோப்பையை எறிந்துவிடாதீர்கள். குண்டுகளை மட்டும் மாற்றினாலே, கோப்பையில் பள்ளம் விழாத வரை, இன்னும் பல வருசம் ஓடும்.

சொல்ல மனமில்லாத செலவு ஒன்றும் இருக்கிறது. சீற் குழாயின் பின்பக்கம், மட்கார்டுக்குச் சற்று மேலே, மாமா தன் பெயரின் முதல் எழுத்தையும் ஊரையும் ஆணியால் கீறி வைத்திருந்தார். களவு போனால் அடையாளம் சொல்ல. பெயின்ற் உரிக்கக் கொடுக்கும்போது எனக்கு அது நினைவே இல்லை. திரும்பி வந்த சட்டம் கண்ணாடிபோல இருந்தது. மாமி வந்து பார்த்தவர் சுற்றிவந்து அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிவிட்டு, "வடிவா இருக்கு" என்று மட்டும் சொன்னார். வேலைக்காரரில் பிழையில்லை. சொல்லாதது நான்.

ஆகவே கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கமும் படம் எடுங்கள். முன்தலைச் சின்னத்தை, அதாவது ஹான்டிலுக்குக் கீழே உள்ள கம்பனித் தகட்டை, கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். கரியரில் பழைய லைசன்ஸ் தகடு இருந்தால் அதையும்.

இந்தத் தெரிவு எப்போது சரி? சட்டம் சுகமாக இருந்து, நீங்களே பாதி வேலையைச் செய்யக்கூடியவராக இருந்து, சைக்கிளை வீட்டுக்குள் வைக்க இடமும் இருந்தால். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் உள்ள சில்லு என்றால் ஆசைப்படலாம். பின்சில்லு மையத்தின் உடலில் அது செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் பொறித்திருக்கும், வயது அதிலேயே தெரிந்துவிடும். கியர் நழுவினால் உள்ளே பழுது என்று பயந்து கழற்ற வேண்டாம். முதலில் எண்ணெய் மூடியைத் திறந்து சில துளி மெல்லிய எண்ணெய் விட்டு, கேபிளைச் சரிசெய்து பாருங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும் என்பவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். புதுப்பித்த சைக்கிளைக் கோட்டை ஸ்டேஷனுக்கு வெளியே விட்டுவிட்டு நிம்மதியாக ரயிலில் இருக்க யாராலும் முடியாது. என் ஹம்பர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதந்திர சதுக்கம் வரை போய்வரும். மழைக் குறையும் அப்படியே இருக்கிறது: புதுக் குரோம், அதே இரும்பு ரிம்.

## தெரிவு 3: புதிது வாங்குவது

லுமாலாவோ வெளிநாட்டுச் சரக்கோ, புதிதில் கிடைக்கும் பெரிய நன்மை பிரேக். அலுமினிய ரிம், கேபிளோ டிஸ்க்கோ, மழையிலும் நிற்கும். எடையும் குறையலாம், சட்டத்தின் அளவையும் உங்கள் காலுக்குத் தேர்ந்தெடுக்கலாம். நீளப் பாவாடை, சேலை உடுத்தி ஓட்டுபவர்களுக்குக் குறுக்குப் பார் இல்லாத சட்டம் புதிதில் சுலபமாகக் கிடைக்கும்.

ஆனால் புதுச் சைக்கிள் கவனிப்பை எதிர்பார்க்கும். பழசு எதிர்பார்க்காது. தெகிவளைத் தம்பியின் கதை அதுதான். மலிவான கியர் சைக்கிளில் முன்கவைக்குள் ஸ்பிரிங், பின்னால் ஏழு பல்லுச் சக்கரம், மெல்லிய செயின், நாலு கேபிள். ஒவ்வொன்றும் உப்புக் காற்று நுழைய ஒரு வாசல். இரண்டு வருசம் பல்கனியில் நின்றால் கியர் மாறும் கை இறுகும், கேபிள் உறைக்குள் ஒட்டும், முன்கவையின் ஸ்பிரிங் கறள்பிடித்து அழுந்தாது. அதே பல்கனியில் அதே இரண்டு வருசம் நின்ற ரலிக்குக் காற்றும் எண்ணெயும் போதும்.

புதிதின் மறைந்த செலவுகள்: நல்ல பூட்டு (சைக்கிள் புதிது என்பது கள்ளனுக்கும் தெரியும்), மட்கார்ட், கரியர், ஸ்டாண்ட், லைட், பெல். பழசில் இவை சட்டத்தோடு வந்தவை. புதிதில் பலவேளை ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. மட்கார்ட் இல்லாமல் கொழும்பு மழையில் போனால் வெள்ளைச் சேட்டின் முதுகில் கந்தோர் முழுக்கப் பார்க்கும்படி ஒரு சேற்றுக் கோடு விழும்.

வாங்குகிறவர்களுக்கு என் புத்தி: ஸ்பிரிங் முன்கவை வேண்டாம், கியர் எத்தனை குறைவோ அத்தனை நல்லது. கொழும்புக்கு ஒரு கியரே போதும். கடைக்காரர் 21 கியரைக் காட்டுவார். நீங்கள் பிரேக்கைப் பாருங்கள்.

## தெரிவு 4: வேறொருவரின் பழசை வாங்குவது

வீட்டில் சைக்கிள் இல்லாதவர்களுக்கு. 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, அதுவும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று ஆனபோது ஊர் முழுக்கச் சைக்கிள் தேடியது. அப்போது வாங்கியவை பல இன்று கராஜ்களில் கிடக்கின்றன, பேரம் பேசலாம். கியர் சைக்கிள் என்றால் எல்லாக் கேபிளும் செயினும் மாற்றும் செலவை முதலே விலையில் கழித்துக் கேளுங்கள். பெரிய சைக்கிள் என்றால் மேலே சொன்ன நாலு இடம். புதிதாகப் பெயின்ற் அடித்த பழசைக் கண்டால் மட்டும் ஒதுங்குங்கள். கறள் தெரிகிற சைக்கிள் பொய் சொல்லாது. மற்றது, எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் இருந்தால் மலிவு என்று எடுக்க வேண்டாம்.

## தெரிவு 5: கொடுத்துவிடுவது

சட்டம் வெடித்தது, கவை வெடித்தது, அல்லது வீட்டில் ஒருவரும் ஓட்டப்போவதில்லை. பழைய இரும்புக்குக் கிலோக் கணக்கில் போடுவதற்கு முதல் டைனமோ, தோல் சீற், பெல், மூன்று கியர் மையம், முன்தலைச் சின்னம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். சில வேளை அவற்றின் மதிப்பு மிச்சச் சைக்கிளைவிடக் கூட. சட்டம் சுகமாக இருந்தால் இரும்புக்குப் போட வேண்டாம். பேப்பர் போடுபவர், பாண் விற்பவர், வீட்டுக்குக் காவல் நிற்பவர், யாராவது ஒருவர் நாளைக்கே ஓட்டுவார்.

## ஒரு பார்வையில்

| தெரிவு | செலவு | ஒளிந்திருக்கும் செலவு | மழையில் பிரேக் | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| துடைத்து ஓட்டுவது | குறைவு | கொட்டர் பின், ஓரிரு சனிக்கிழமை | மோசம் | கிட்டத் தூரம், சந்தை, கடை |
| முழுப் புதுப்பிப்பு | மிகக் கூட | ஒன்றைத் தொட மூன்று, அழிந்துபோகும் அடையாளம் | மோசம் | நினைவுக்கு வைத்திருப்பவர் |
| புதிது | கூட | பூட்டு, மட்கார்ட், தொடர் கவனிப்பு | நல்லது | தினமும், தூரம், மழையிலும் |
| பிறர் பழசு | நடுத்தரம் | கேபிள், செயின், வந்த வழி | சைக்கிளைப் பொறுத்தது | வீட்டில் ஒன்றும் இல்லாதவர் |
| கொடுப்பது | இல்லை | பிறகு வரும் மனவருத்தம் | – | சட்டம் வெடித்தவர், ஓட்டாதவர் |

## மூவருக்கும்

கொட்டாஞ்சேனை அண்ணனுக்கு: தூரம் கிட்ட, உங்கள் தகப்பனாரின் சைக்கிள் அந்தத் தூரத்தைச் சும்மா ஓடும். ஆனால் மகன் தினமும் போகிறவர். ஒக்டோபர் பின்னேரம் ஐந்து மணிக்கு ஈரமான வீதியில், லொறிகளுக்கு நடுவில் வீட்டுக்கு வருகிறவர். அவருக்குப் புதிது எடுங்கள், ஸ்பிரிங் இல்லாதது, பிரேக் நல்லது. பழசைத் தெரிவு 1 செய்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போக நல்லது.

தெகிவளைத் தம்பிக்கு: உன்னுடையதை விற்காதே. இப்போது விற்றால் கிடைப்பது கொஞ்சம். எல்லாக் கேபிளும் உறையோடு மாற்று, செயின் மாற்று, பின்னால் ஓடுகிற ஒரு நல்ல கியரில் நிறுத்திவிட்டு மற்றதை மறந்துவிடு. சைக்கிளைப் பல்கனியிலிருந்து அறைக்குள் எடு. அம்மா பேசுவா, பேசட்டும்.

வெள்ளவத்தை அக்காவுக்கு: நோட்டீஸ் நாள் வருமுன் ஒரு வேலை செய்யுங்கள். பெயின்ற் கடை, குரோம் கடை ஒன்றும் வேண்டாம். இன்று பின்னேரம் இரண்டு ரயருக்கும் காற்று அடியுங்கள். அடிக்கும் முன், காற்றுப் போகும் வாயில் இருக்கும் வால்கட்டையைக் கழற்றி அதன் ரப்பர்க் குழலைப் பாருங்கள், பதினைந்து வருசத்தில் அது நிச்சயம் வெடித்திருக்கும். புதுக் குழல் ஒரு சின்னத் துண்டு, எந்தச் சைக்கிள் கடையிலும் இருக்கும். இரவு அப்படியே நிற்கட்டும். காலையில் இறங்கிப் போகும்போது பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.